கெதியாக அடிக்கிறவள்

மார்கிறட் கரம் பலகையில் விளையாடுவதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், இவளுக்கு எங்கேயோ பஸ் போகப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். எதிராளி அடித்த காய் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே ஸ்ரைக்கரை வைத்து அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். குறி பார்க்கிறது, மூச்சைப் பிடிக்கிறது, தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் அளக்கிறது ஒன்றும் கிடையாது. காய் குழிக்குள் விழுந்த பிறகுதான் அவள் எதைக் குறிவைத்தாள் என்றே மற்றவர்களுக்கு விளங்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிற இந்த மனுசிக்குத் தலைக்கனம் என்று சிலர் சொல்வார்கள். எதிராளியை மதிக்கத் தெரியாதவள் என்று இன்னும் சிலர். வாய் இருக்கிறது, சொல்கிறார்கள்.

உண்மைக் காரணம் தெரிந்தவள் ஒருத்திதான். உருத்திரபுரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிற சிவதர்சினி.

சண்டை முடிந்த வருடம் வவுனியாவில் முகாமில் இருவருக்கும் அடுத்தடுத்த கூடாரம். மார்கிறட்டின் வலது முழங்கைக்குக் கீழே, சண்டையில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டு ஒன்று அப்போதும் கிடந்தது, இப்போதும் கிடக்கிறது. வன்னியில் அது ஒரு புதினமில்லை. ஒருத்தருக்கு முதுகில், ஒருத்தருக்குத் தொடையில், சிலருக்குத் தலைக்குள்ளேயே கிடக்கிறது. 'பீஸ்' என்று அதற்கொரு பெயரை வைத்துவிட்டு, அதோடேயே சமைக்கிறார்கள், விதைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். மார்கிறட்டின் பீசுக்கு ஒரு குணம் உண்டு. கை ஓடிக்கொண்டிருந்தால் அது பேசாமல் கிடக்கும். கிழிந்த வலை பொத்தும்போதோ மீன் வெட்டும்போதோ ஒரு கரைச்சலும் தராது. கையைச் சும்மா வைத்திருந்தால்தான் ஆபத்து. விரல்கள் விறைத்துவிடும், சுட்டுவிரல் சொன்னது கேளாது.

முகாமில் பின்னேரங்களில் அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்டவள் தர்சினி. யாரோ கொடுத்த கரம் பலகையில் இருவரும் விளையாடப் பழகியதும் அங்கேதான். "நான் கெதியா அடிக்காட்டிக் கை செத்துப்போகும் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் வேணுமெண்டே இழுத்தடிப்பினம்" என்று மார்கிறட் அப்போதே சொல்லியிருந்தாள். தர்சினி சொல்லவில்லை. கட்டின புருசன் சுஜிதனுக்குக்கூட மூச்சுவிடவில்லை. அந்த மட்டில் அவள் நல்லவள்.

இந்த வருடப் பெண்கள் இறுதிப்போட்டி கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெல்கிறவள் கொழும்புக்குப் போய் அகில இலங்கைப் போட்டியில் விளையாடலாம். தர்சினி மூன்று வருடமாக இறுதிக்கு வந்து, மூன்று வருடமும் மார்கிறட்டிடம் தோற்றுப்போனவள். முதல் வருடம் சந்தோசமாகத்தான் தோற்றாள். இரண்டாம் வருடம் பரவாயில்லை என்று தோற்றாள். மூன்றாம் வருடம் வீட்டுக்கு வந்து குசினிக்குள் பானை சட்டிகளை உருட்டினாள். சங்கக்கடைக்குச் சீனி வாங்க வருகிறவர்கள்கூட, "இந்த முறையும் ரெண்டாமிடம் நிச்சயம் என்ன?" என்று பகிடி விட்டார்கள். பகிடிதான். ஆனால் ஒரே பகிடியை நாலு பேர் விட்டால் அது பகிடியில்லை.

காற்றடித்தால் பலகையில் போடுகிற மாவுத்தூள் பறக்கும் என்று மண்டபத்தில் மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். புழுக்கத்தில் எல்லோரும் அவிந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆட்டம் மார்கிறட்டுக்கு, இரண்டாவது தர்சினிக்கு. மூன்றாவதில் மார்கிறட் முன்னுக்கு நின்றாள். அவளுக்கு இன்னும் கொஞ்சக் காய்கள்தான் மிச்சம். தர்சினியின் உள்ளங்கை நனைந்து ஸ்ரைக்கர் வழுக்கியது. அவள் கைலேஞ்சியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள், பிறகு ஸ்ரைக்கரைத் துடைத்தாள், பிறகு அடித்தாள். நேரம் கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது.

மார்கிறட்டின் முறை வந்தது. குழி வாசலில் கிடந்த காய். சின்னப் பிள்ளையும் விழுத்தும். மார்கிறட் அடித்தாள், காய் விளிம்பில் பட்டு விலகிப்போனது. அவள் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் உதறினாள். ஒருவரும் கவனிக்கவில்லை. தர்சினி கவனித்தாள்.

முதல் தடவை சத்தியமாக வியர்வைதான். இரண்டாம் தடவை வியர்வை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு தர்சினிக்கு எல்லாவற்றுக்கும் நேரம் தேவைப்பட்டது. பலகையில் தூள் காணாது என்றாள். போட்ட தூள் கூடிவிட்டது என்றாள். ஸ்ரைக்கரைக் கோட்டில் இந்த முனையில் வைத்துப் பார்த்தாள், அந்த முனையில் வைத்துப் பார்த்தாள், திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். நடுவர் ராஜரத்தினத்திடம் கேட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். இவ்வளவு நேரத்துக்குள் அடிக்கவேண்டும் என்று சட்டமெல்லாம் இருக்கிறது. ஆனால் ராஜரத்தினம் தங்கமான மனிசன், புழுக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைகளை அவசரப்படுத்த அவருக்கு மனம் வராது. "ஆறுதலா விளையாடுங்கோ பிள்ளையள்" என்று அவரே சொன்னார். அதைவிட வேறென்ன அனுமதி வேண்டும்?

ஒவ்வொரு முறையும் மார்கிறட் தன் கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து தர்சினியைப் பார்த்தாள். தர்சினி காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் தூக்க அவளுக்குத் துணிவில்லை. மார்கிறட் அடித்த காய்கள் குழி தவறிப் போக, இவள் தன் காய்களை ஒவ்வொன்றாக விழுத்தினாள். கடைசிக் காய் விழுந்தபோது மண்டபமே கைதட்டியது.

மார்கிறட் எழுந்து வந்து கட்டிப்பிடித்தாள். வழமையாகத் தோற்கிற தர்சினிதான் அப்படி வந்து கட்டிப்பிடிக்கிறது. இந்த முறை இடம் மாறியிருந்தது.

"கை ஏமாத்திப்போட்டுது பிள்ளை. நீ வடிவா விளையாடினனி. கொழும்பிலை போய் வெண்டுகொண்டு வா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். "அடுத்தமுறை பாப்பம் அக்கா" என்றுதான் தர்சினியின் வாயிலிருந்து வந்தது.

வெற்றி என்பது இவ்வளவு கரைச்சல் பிடித்த சாமான் என்று அவளுக்கு முன்னம் தெரியாது. சுஜிதன் கோப்பையைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தான், வருகிற போகிற எல்லாருக்கும் திறந்து காட்டினான். சங்கக்கடையில் கேக் வெட்டினார்கள். "எப்பிடி மார்கிறட்டை மடக்கினனீர்?" என்று மனேச்சர் கேட்டபோது அவள் கடித்த கேக் துண்டைத் திருப்பித் தட்டில் வைத்தாள். "ஆறுதலா விளையாடினன்" என்றாள். அது பொய்யுமில்லை. பொய்யில்லாத சொல் ஒன்று இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. சட்டத்தை மீறவில்லை, ஒருவரையும் தள்ளிவிழுத்தவில்லை, காயைக் களவெடுக்கவில்லை என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடினாள். வழக்கு ஒவ்வொரு நாளும் தோற்றது. முகாமில் எண்ணெய் போட்டு உருவிய கை கண்ணுக்குள் வந்து நின்றால் எந்த வக்கீல்தான் என்ன செய்வான்?

மார்கிறட்டுக்குப் போன் எடுக்க நினைத்து நினைத்து விட்டுவிட்டாள். கடைசியில் போன் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. எடுத்தது மார்கிறட்டின் மகள் யதுசா.

"தர்சினி அன்ரி, அம்மாவை வவுனியாவிலை ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு. நாளைக்குக் காலமை கையிலை ஒப்பரேசன்."

தர்சினி கடையில் நிறுத்துக்கொண்டிருந்த சீனியைத் தராசிலேயே விட்டாள். "என்னத்துக்கு? நல்லாத்தானே இருந்தவா?"

"போட்டி முடிஞ்ச நாளிலையிருந்து அம்மா ஒரே யோசினை அன்ரி. கை பழுதாகத் தொடங்கீட்டுது, இல்லாட்டி அந்தக் காயெல்லாம் விட்டிருக்கமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா. பீசை எடுக்கலாமெண்டு டொக்டர் முந்தியே சொன்னவர்தானே. அது நரம்போடை கிடக்காம். எடுக்கேக்கை விரலுக்கு உணர்வு போகவும் கூடுமாம். அதாலைதான் அம்மா இவ்வளவு காலமும் மாட்டனெண்டு நிண்டவா. இப்ப தானே கேட்டுக் கையெழுத்து வைச்சிட்டா. நீங்கள் வந்தால் அம்மாக்குத் தைரியமா இருக்கும்."

தைரியம்! தர்சினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கடைச் சாவியை மனேச்சரின் மேசையில் வைத்துவிட்டு, உடுத்த சீலையோடு ஓடிப்போய் வவுனியா பஸ்ஸில் ஏறினாள்.

வழியெல்லாம் பொய்களைக் கோத்துப் பார்த்தாள். வேறு டொக்டரிடம் காட்டுவோம் என்று சொல்லலாம். நேரம் சரியில்லை என்று சொல்லலாம், ஆனால் மார்கிறட் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. கெட்ட கனவு கண்டேன் என்று சொல்லலாம். எந்தப் பொய்யும் அந்தக் கையைக் காப்பாற்றப் போதாது என்பது மாங்குளம் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. மீன் வெட்டுகிற கை, வலை பொத்துகிற கை, பிள்ளையை வளர்த்த கை. அதில் ஒரு பிழையும் இல்லை என்று உலகத்தில் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் மார்கிறட் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டபடி இருந்தாள். தர்சினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்க முடிந்ததே, அதுதான் அவள் அந்த மாதத்தில் செய்த ஒரே நல்ல காரியம்.

"அக்கா, ஒப்பரேசன் வேண்டாம். உங்கடை கைக்கு ஒண்டுமில்லை. நான்தான் வேணுமெண்டு இழுத்தடிச்சனான். தூள் காணாதெண்டது, துடைச்சது, தண்ணி குடிச்சது எல்லாம் உங்கடை கை விறைக்கட்டும் எண்டுதான் செய்தனான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். மார்கிறட் வலது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ தண்ணி குடிக்கேல்லை" என்றாள் கடைசியில். "மூடியைத் திறந்தனி, வாயிலை வைச்சனி, திருப்பி மூடினனி. போத்தல் முட்ட அப்பிடியே இருந்தது. நான் கண்டனான்."

தர்சினியின் அழுகை நின்றுவிட்டது. "அப்ப... தெரிஞ்சுகொண்டோ இஞ்சை வந்து படுத்தனீங்கள்?"

"தெரியாதெண்டு வைச்சுக்கொண்டன். நீ அப்பிடிச் செய்யமாட்டாயெண்டு எனக்கு நானே சொன்னன். அப்பிடியெண்டால் பிழை கையிலைதானே இருக்கவேணும்? கைப் பிழையெண்டால் டொக்டர் வெட்டி எடுப்பார். உன்ரை பிழையெண்டால் நான் எங்கை போய்ப் படுக்கிறது, சொல்லு?"

விரல் போனாலும் பரவாயில்லை, சிநேகிதி நல்லவளாக இருக்கட்டும் என்று ஒருத்தி கையெழுத்து வைத்திருக்கிறாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க எந்தச் சொல்லை எடுப்பது? "கொழும்புக்கு நீங்கள் போங்கோ அக்கா. நான் ராஜரத்தினம் சேரிட்டை உண்மையைச் சொல்லுறன்" என்று மட்டும் தர்சினி சொன்னாள்.

"அது உன்ரை விருப்பம். எனக்காகச் செய்யாதை" என்றாள் மார்கிறட்.

தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்த யதுசாவிடம், ஒப்பரேசன் செய்யவில்லை, நேர்ஸ் மிஸ்ஸிடம் போய்ச் சொல்லு என்றாள் தாய். யதுசா ஏன் என்று தர்சினியைப் பார்த்தாள். "கை சரியாம். அன்ரி வந்து சொன்னவா" என்றாள் மார்கிறட். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது தர்சினிக்கு அடித்ததைவிட மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் போகத் துண்டுச் சீட்டு வாங்கி வெளியே வரப் பின்னேரமாகிவிட்டது. மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். தர்சினி ஏதேதோ கதைத்தாள், வயல் வெட்டு, சீனி விலை, சுஜிதனின் மோட்டார் சைக்கிள். யதுசாதான் "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். முல்லைத்தீவு பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது. மார்கிறட்டின் உடுப்புப் பை பெரியது, பாரமானது. வாசற்படியில் தர்சினி அவசரமாகக் கையை நீட்டி அதை வாங்கப் போனாள்.

மார்கிறட் பையை விடவில்லை.

"வேண்டாம். கை நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை வலது கையாலேயே தூக்கிக்கொண்டு ஏறி, தர்சினி நிற்காத அந்தப் பக்கத்து யன்னலோரம் போய் இருந்தாள்.