இளக்கம் விட்டுக் கட்டிய மிதவை

ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீனவன் பூபாலன்தான். காசிமேட்டில் படகு கரை சேர்ந்ததும் பேசின் பிரிட்ஜில் ரயிலேறி, பட்டாபிராமில் இறங்கி, மீன்கூடையோடு வந்துவிடுவான். ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னலிலும் சங்கரா மீன் குழம்பு மணக்கும். அந்தத் தொழிற்சாலையில் டேங்க் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்த அழகேசனுக்கு, முப்பது வருஷமாகக் கடல் என்றால் அந்த மணம்தான்.

இப்போது அவர் ஓய்வுபெற்று ஆவடியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். பூபாலன் வருவதில்லை, போனில் பேசுவதோடு சரி.

"வலையில மீனா வருது? ஆவடி பிரியாணி கடை கவருதான் வருது அண்ணாத்தே. அட்ரஸோட."

பூபாலன் சிரித்தான். அழகேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதில் விழும் கவர் கூவத்துக்குப் போகும். கூவம் கடலுக்குப் போகும். வழியில் ஓரிடத்தில் மறித்தால் போதும் என்று தோன்றியது.

தண்ணீர்ப் பஞ்சத்தின்போது வாங்கிய நீல டிரம்கள் எல்லார் வீட்டு மொட்டைமாடியிலும் சும்மா கிடந்தன. கேட்டதும் கொடுத்தார்கள். காலி டிரம்களை இறுக மூடி வரிசையாகக் கோத்தால் மிதக்கும். அவற்றின் அடியில் ஒரு அடி ஆழத்துக்குக் கம்பிவலை தொங்கவேண்டும். மிதந்து வரும் குப்பை வலையில் தடுக்கி நிற்கும். தண்ணீர் அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். பழைய தொழிற்சாலை நண்பர் கோவிந்தராஜ் வெல்டிங் வைத்தார். இரு கரையிலும் தூண் நட்டு, கம்பியை முறுக்கி முறுக்கி, மில்லிமீட்டர் அசையாமல் போல்ட் போட்டார்கள். இருவருக்கும் வாழ்நாள் பழக்கம் அது. டேங்கில் எதுவும் ஆடக்கூடாது.

முதல் மழையில் தண்ணீர் இரண்டடி ஏறியது. டிரம்களால் தண்ணீரோடு சேர்ந்து ஏற முடியவில்லை. கட்டிய இடத்திலேயே மூழ்கிவிட்டன. குப்பை அவற்றின் தலைக்கு மேலே ஜோராகப் போனது.

மாநகராட்சி இன்ஜினியர் கார்த்திகா வந்து பார்த்தாள். "அனுமதி குடுத்தது நான் சார். அடுத்த மழைலயும் இப்படின்னா கழட்டிடுவேன். தண்ணி தெருவுக்கு ஏறினா பதில் சொல்லணும்."

அன்றே அழகேசன் பூபாலனுக்குப் போன் போட்டார். மறுநாள் பூபாலன் வந்து கரையில் குந்தி, போல்ட்டையே பார்த்தான்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே இத்தக் கைதி மாதிரி கட்டிவச்சிக்கீற? வலைய விறைப்பா கட்டனா கடலு அறுத்துக்கினு பூடும். இளக்கம் விடு."

"இளக்கம் விட்டா ஆடுமேப்பா!" என்றார் கோவிந்தராஜ்.

"ஆடட்டுமே. தண்ணி ஆடும்போது அது மட்டும் நின்னா, அது மிதவையா, செவுரா?"

அழகேசன் போல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். ஒவ்வொரு தூணையும் ஒட்டிச் செங்குத்தாக ஒரு குழாய். அதில் ஏறி இறங்க ஒரு பெரிய வளையம். மிதவையின் முனை அந்த வளையத்தில். கால்வாயின் குறுக்கே நேராகப் போடாமல் சாய்வாகப் போடவும் சொன்னான் பூபாலன். நேராகப் போட்டால் குப்பை நடுவில் குவிந்து அழுத்தும். சாய்த்தால் நீரோட்டமே அதைக் கரையோரம் ஒதுக்கிவிடும். நீளம் கூடியதால் இன்னும் ஆறு டிரம் தேவைப்பட்டது. பக்கத்துத் தெருவே தூக்கி வந்தது.

பத்தாம் நாள் விடியற்காலையில் மழை கொட்டியது. அழகேசன் குடையோடு ஓடினார். பூபாலனும் முதல் ரயிலில் வந்து சேர்ந்தான். தண்ணீர் ஏற ஏற, வளையங்கள் குழாயில் கிறீச்சிட்டு ஏறின. நீல டிரம்கள் முதுகைக் காட்டி மிதந்தன. கவர்கள், தெர்மாகோல், செருப்பு எல்லாம் டிரம்களை உரசிக்கொண்டு, சொல்லி வைத்தாற்போல் கரைக்கு நகர்ந்தன. அங்கே குப்பை வாரியோடு பதினைந்து பேர் நின்றார்கள்.

தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பார்த்துவிட்டு, கார்த்திகா மிதவையை நெடுநேரம் கவனித்தாள். "இருக்கட்டும் சார். ஆனா தினம் வாரலைன்னா அடைச்சுக்கும். யாரு வாருவீங்க?"

அழகேசன் பழைய வழக்கப்படி ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று பேர் எழுத ஆரம்பித்தார்.

"நாளைக்கே மீனு துள்ளிக்கினு வரும்னு நெனச்சிக்காத," என்றான் பூபாலன். "இந்த மாரி எத்தினி கால்வா கீது தெரியுமா?"

"தெரியல. நீ எந்தக் கிழமை வர்றேன்னு மட்டும் சொல்லு."

"எனுக்கும் ஷிப்ட்டா?"

"உன் கடல்தானே!"

"ஆமா, உனுக்கு சம்பந்தமே இல்ல பாரு!" என்று முனகியபடி பூபாலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.