பிசின் பிடித்த கத்தி

மரம் எண்ணும் வேலைக்கு அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து போனால் வீட்டுச் சண்டையும் கூடவே காட்டுக்குள் போகும் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். அன்றைக்குச் சண்டை போடக்கூட நாத்தனாரிடம் தெம்பில்லை. ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, தலைமுழுக நனைந்து, அரிவாள் இருந்த பையையும் தண்ணீரோடு விட்டுவிட்டாள். கணுக்கால் வீங்கிப்போனது. மழையும் விட்டபாடில்லை. அண்ணி அவளைப் பாறை இடுக்குக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பல் தந்தியடித்தது. மறுநாள் காலைக்கு முன்னால் கூட்டிப்போகிற ஜீப் வராது.

அண்ணியிடம் லைட்டர் நனையாமல் இருந்தது. விறகுதான் ஈரம். பட்டுப்போய் நிற்கும் கிளையை ஒடித்து, மேலே உள்ள ஈரத்தைச் சீவித் தள்ளினால் உள்ளே காய்ந்த கட்டை கிடைக்கும். அதை மெல்லிசாகச் சீவினால் தீப்பிடிக்கும். சீவக் கத்தியும் இருந்தது. வம்பே அந்தக் கத்திதான்.

அது அண்ணியின் புருஷனுடைய மடக்குக்கத்தி. இரண்டு வருடத்துக்கு முன்பு, எண் எழுதுவதற்காக ஒரு பைன் மரத்தின் பட்டையைச் சீவிவிட்டு, கத்தியை மடக்கி, "கொஞ்சம் படுக்கறேன்" என்று சாய்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கத்தியின் மூட்டிலும் பிடியிலும் பிசின். பிசினில் அவன் கட்டைவிரல் ரேகை. "இதைத் துடைச்சீங்கன்னா என்னை உயிரோட பாக்க மாட்டீங்க" என்று அன்றைக்கே தங்கைக்காரி சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து கத்தி பிளாஸ்டிக் உறைக்குள் தினமும் வேலைக்கு வந்துபோகிறது, துணைக்கு வருவதுபோல. திறப்பது மட்டும் கிடையாது. காட்டுக்குப் போகிறவர்கள் செய்கிற காரியமா இது!

அண்ணி உறையைப் பிரித்தாள். பிசின் இறுகிப்போய் அலகு அசையவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"வேணாம் அண்ணி, அழிஞ்சிரும்."

"நீ இருந்தாத்தானேடி அதைப் பாப்பே?"

"தீ இல்லாமலே சமாளிச்சுக்கலாம். சத்தியம் பண்ணியிருக்கீங்க."

அண்ணி கத்தியைத் திரும்ப உறைக்குள் போட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். கூர்க்கல்லால் கொத்தினாள், பல்லால் பட்டையை உரித்தாள், ஈரச் சுள்ளியில் லைட்டரைக் காட்டிக் கண்ணெரியப் புகை குடித்தாள். ஒரு மணி நேரம் வீணாய்ப் போனது.

நாத்தனாரின் நடுக்கம் நின்றது. "இப்பக் குளிரல அண்ணி. கொஞ்சம் படுக்கறேன்" என்றாள், நாக்குக் குழற.

நனைந்த உடம்பு நடுங்குவதை நிறுத்தினால் ஆபத்து என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அண்ணி கத்தியை எடுத்தாள். அந்த ரேகையை ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, லைட்டரைக் கத்தியின் மூட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

பிசின் இளகி வழிந்தது. ரேகையும் போனது. அலகு வெளியே வந்தது. பூட்டில்லாத கத்தி, அழுத்தினால் விரல்மேல் மடங்கும். அலகைத் தன் பக்கம் திருப்பாமல், சுருள் சுருளாகச் சீவினாள். ஒட்டியிருந்த பிசினையும் சுரண்டி அதன்மேல் போட்டாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. நாத்தனாரின் ஈரத்துணியை உருவிப் போட்டுத் மழை அங்கிக்கு அடியில் நனையாமலிருந்த தன் கோட்டைச் சுற்றினாள். கன்னத்தில் தட்டித் தட்டித் தூங்கவிடாமல் வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவளுக்கு நடுக்கம் திரும்ப வந்தது. அண்ணிக்குப் போன உயிர் வந்தது. நாத்தனார் கண்ணைத் திறந்து, தீயைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் கையில் பளிச்சென்று இருந்த அலகைப் பார்த்தாள்.

"திட்டுடி. என்ன வேணா சொல்லு, வாங்கிக்கறேன்."

அவள் திட்டவில்லை. கத்தியை வாங்கி, ஒன்றுமில்லாத பிடியைக் கட்டைவிரலால் தடவினாள். முகம் கோணிக்கொண்டு போனது.

"அண்ணன் செத்துட்டான் அண்ணி."

இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாய் சொன்னதே கிடையாது. சாவு வீட்டில்கூடச் சொல்லவில்லை. அண்ணி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமாடி கண்ணு," என்றாள். "செத்துட்டாரு."