முப்பது எண்ணும் வரை

1957இல் நான் கோட்டைப்பட்டினத்தில் தபால்காரனாக இருந்தேன். அந்த வருஷம் ஒருவன் என்னை நாளொன்றுக்கு நானூறு தடவை மணலில் போட்டு அமுக்கினான். நானூறு என்பதைக் குறைத்துத்தான் சொல்கிறேன், என் மானத்தைக் காப்பாற்ற.

அவன் பெயர் ஷேக் பரீது. பினாங்கில் அத்தாவோடு மளிகைக்கடை பார்த்துக்கொண்டிருந்தவன், அக்கா ஹமீதா பானு வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தான். பினாங்கில் ஒரு சீனச் சிநேகிதனிடம் ஜூடோ படித்திருக்கிறான். வந்த வாரமே, கூடப் பழக ஆள் தேடினான். அந்தக் கடற்கரையில் உதைபடச் சம்மதித்த ஒரே அரசாங்க ஊழியன் ஆவுடையப்பனாகிய நான்தான்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கறம்பக்குடியில் குஸ்தி பழகியவன். தொடையைத் தட்டினால் அன்னவாசலில் மாடு அறுத்துக்கொண்டு ஓடும். முதல் நாள் சாயங்காலம், கருவாடு காயப்போடும் மணலில், பரீதைத் தூக்கி மல்லாக்கப் போட்டேன். முதுகு மண்ணில் பட்டால் குஸ்தியில் ஆட்டம் முடிந்தது. நான் நிமிர்ந்து இரண்டு கையையும் உயர்த்தினேன். கீழே கிடந்தவன் என் காலை வாரினான். கண்மூடித் திறப்பதற்குள் நான் அடியில், அவன் மேலே.

“என்ன மாப்ளே இது? முதுகு பட்டாச்சுல்ல?”

“பட்டா என்ன? இனிமேதான் ஆரம்பமே. எழவிடாம முப்பது எண்ணுற வரைக்கும் பிடிச்சுக் கெடக்கணும். நம்ம ரெண்டு பேருக்குள்ள அதுதான் ஆட்டம்.”

ஹமீதா அக்கா எனக்குப் பழைய பாய்மரத் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். உப்பு ஏறிய துணி. கழற்றி வைத்தால் தானாக நிற்கும். ஒருநாள் அது நடந்து போனதைக்கூடப் பார்த்தேன். அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத்தான் பரீது எனக்குத் தரைப்பிடி சொல்லிக் கொடுத்தான். கீழே கிடப்பவன் விலாவை ஒட்டி உட்கார வேண்டும். ஒரு கை அவன் கழுத்தைச் சுற்றிப் போக வேண்டும். அவன் கையை நம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலை அகட்டி, தலையைத் தாழ்த்தி, பாரத்தையெல்லாம் அவன் நெஞ்சில் இறக்க வேண்டும்.

“பலத்தக் காட்டாதடா. தூங்குற பிள்ளை மாதிரி கனமாகு,” என்பான்.

நான் கனமாவேன். அவன் இடுப்பை வில்லாக வளைத்து ஒரு உருட்டு உருட்டுவான். நான் கடலில் போய் விழுவேன். ஆறு மாதத்தில் நான் அதிகபட்சம் எட்டு எண்ணியிருக்கிறேன். ஆனாலும் தபால் கொடுத்துவிட்டு எப்போது மணி ஐந்தாகும் என்று சைக்கிள் பெல்லைக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். அவனுடைய ஜவ்வாது வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்குப் பொழுது சாயும்.

அப்புறம் பினாங்கிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அவன் அத்தாவின் கையெழுத்து எனக்குத் தெரியும். ஊர் முழுக்கக் கொடுத்து முடித்து, கடைசியாகத்தான் அவனிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்தான்.

“கடையில ஆள் பத்தலையாம். வர்ற கப்பல்ல வரச்சொல்லுறாக.”

“அதுக்கு அடுத்த கப்பல்ல போனா என்ன? கடை ஓடியா போயிரும்?”

“எதச் சொல்லி நிக்கிறது?”

“உன்ன முப்பது எண்ணுக்குப் பிடிச்சுக் காட்டுறேன். பிடிச்சுட்டா இந்தக் கப்பல விட்டுரு,” என்றேன்.

அவன் சிரித்தான். “எட்டு எண்ணுற ஆளு நீயி.”

“பயமா இருக்கா?”

“சரிடா தபாலு. ஒரே ஆட்டம். பிடிச்சுட்டீன்னா போகல, இல்லாட்டி போறேன். அல்லா மேல ஆணையா.”

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆட்டம். ஊரே வந்திருந்தது. தோணிகள் தாமாகவே கரைக்குத் திரும்பின. மீன்கள் தலையை நீட்டிப் பார்த்தன. எண்ணுவதற்கு ஹமீதா அக்கா தன் வீட்டு வேலியோரம் நின்றார். தம்பியை அனுப்ப அவருக்கும் மனசில்லை.

ஒருவர் கழுத்துப்பட்டையை ஒருவர் பிடித்தோம். இழுத்தான், தள்ளினான். அவன் ஒரு கால் மணலில் புதைந்த நேரம் பார்த்து வாரினேன். பரீது பொத்தென்று மல்லாக்க விழுந்தான். முதுகு முழுசாக மண்ணில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன். ஆறு மாதம் படித்ததெல்லாம் போய், கறம்பக்குடி குஸ்திக்காரன் எனக்குள்ளே எழுந்துவிட்டான். கூட்டம் கத்தியது. எல்லாம் எனக்கான ஆரவாரம் என்று கடலைப் பார்த்து ஒரு சுற்று, ஊரைப் பார்த்து ஒரு சுற்று ஆடினேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான் திரும்பினேன். பரீது மெல்ல எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பாய்ந்தேன். பாய்ந்து என்ன செய்ய? அவன் என்னைச் சாய்த்து, கழுத்தைச் சுற்றிப் பிடித்து, நெஞ்சில் கனத்தை இறக்கினான்.

அக்கா சுரத்தில்லாமல் எண்ணினார். முப்பது ஆனது. அவன் விடவில்லை. கூட்டம் கலைந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதும் விடவில்லை.

“கெடந்தேன்லடா,” என்றான் என் காதோரம். “எந்திரிக்காமத்தானே கெடந்தேன். நீ பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டு இருந்தே.”

“எம்புட்டு நேரம் கெடந்தே?”

“பத்து எண்ணுற அளவுக்கு.”

இதில் ஒன்றைக்கூட நான் கூட்டவில்லை. பத்துதான்.

“இன்னொருக்கா ஆடுவமா மாப்ளே?”

“ஆணை போட்டுட்டேனேடா.”

என் கழுத்து வலித்தது. சொல்லவில்லை. ஈர மணல் பாய்மரத் துணியைத் தாண்டி முதுகில் ஏறியது. அதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவன் பெட்டியை நான்தான் நாகப்பட்டினம் பஸ் மேலே ஏற்றினேன். நாகப்பட்டினத்தில் புயல் அடித்து, கப்பல் பாதிக் கடலிலிருந்து திரும்பி, அவன் நனைந்த சட்டையோடு என் வாசலில் வந்து நின்றதாக இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். புயல் ஒன்றும் அடிக்கவில்லை. கப்பல் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது.