முன்பல்லுக்கு ஒரு கேமரா

என் சித்தி பல் செய்கிறவள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், அதை வைத்துப் பீங்கானில் பல் செய்து, சூளையில் சுட்டு, மெருகேற்றிக் கொடுப்பாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து நான் அவளுக்குக் கூடமாட வேலை செய்கிறேன். ஊரெல்லாம் வாயைத் திறக்கிற இந்தத் தொழிலில் நான் மட்டும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு மேல்வரிசை முன்பல் உடைந்துவிட்டது. அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துச் சித்தி ஒரு பல் செய்தாள். பொருத்திப் பார்த்தால் பக்கத்துப் பல்லைவிட வெள்ளை. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

"படமே சரியில்லாம நான் என்ன ஜோசியமா பாக்குறது?" என்று சித்தி கத்தினாள். சித்தப்பா எங்கெங்கோ அலைந்து ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்தார். கூடவே, கிட்டத்தில் எடுப்பதற்கான லென்ஸும் அதன் முகத்தில் மாட்டுகிற வட்ட ஃபிளாஷும்.

சித்தி கையேட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இத யாரு படிக்கிறது? செங்கல்லு கணக்கா இருக்கு."

"வேற யாரு, இவதான். புத்தகம் கெடச்சா இவளுக்குச் சோறு வேண்டாமே" என்றார் சித்தப்பா.

படித்தேன். சித்தப்பாவின் வாய்தான் பயிற்சிக்கூடம். முதல் படத்தில் மீசை மட்டும் துல்லியமாக விழுந்தது. இரண்டாவதில் எல்லாமே வெளுத்துக் கிடந்தது.

"என்னடி, பல்லையே காணோம்? நான் என்ன பச்சக் கொழந்தையா?"

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் முன்பல்லும் பின்பல்லும் சேர்ந்து தெளிவாக விழும். ஆனால் வெளிச்சம் குறையும். அதற்கு ஃபிளாஷைக் கூட்ட வேண்டும். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரத்தில் எது எதற்கு முறுக்கிக்கொள்கிறது என்று பிடிபட்டுவிட்டது.

அந்தத் தைரியத்தில் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். அக்காவின் உதட்டைப் பிளாஸ்டிக் வளையம் இழுத்துப் பிடித்திருந்தது. உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லோடு, நிறம் ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் மாதிரிப்பல்லையும் சேர்த்து எடுக்க வேண்டும். மாதிரிப்பல்லின் நிறம் எங்களுக்குத் தெரியும் என்பதால் அதுதான் அளவுகோல். அதே மாதிரிப்பல்லை இப்படியும் அப்படியும் வைத்து நாற்பத்தோரு படம் எடுத்தேன். கடைசிப் படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. பல்லில் இருந்த மயிரிழைக் கோடுகள்கூடத் தெரிந்தன. அதைப் பார்த்துத்தான் சித்தி இரண்டாவது பல்லைச் செய்தாள்.

அது முதலாவதைவிட வெள்ளை.

டாக்டரம்மா போனில் கத்தவில்லை. "மூணாவதும் இப்படின்னா நான் வேற லேப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். சித்திக்கு வரும் வேலையில் பாதி அவரிடமிருந்து வருவதுதான். சித்தி கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"சாவி குடு சித்தி."

"எதுக்கு? அது பொய் சொல்ற கேமரா."

"பொய் சொல்லுதான்னு பாத்துட்டுத் தரேன்."

நாற்பத்தோரு படங்களையும் கேமராவின் திரையிலேயே வேகமாக ஓட்டினேன். முன்னே, பின்னே, மறுபடி முன்னே. அக்காவின் பல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்த மாதிரிப்பல் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் ஒரே நிறம். கேமரா பொய் சொல்லியிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா வெளுத்திருக்க வேண்டும்?

சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, உதட்டை இழுத்து மாட்டி, ஒரு படம் எடுத்தேன். கால்மணி நேரம் அப்படியே வைத்திருந்து இன்னொன்று எடுத்தேன். அவர் "ஆ... ஆ..." என்று எதையோ திட்டினார். அவருடைய பல்லும் வெளுத்திருந்தது. ஈரம் காய்ந்தால் பல் வெளுக்கிறது. டாக்டரம்மா படம் எடுக்கும் முன்பெல்லாம் குழாயால் காற்றடித்துப் பல்லை உலர்த்துவார். அதற்கு மேல் நான் நாற்பத்தோரு படம் எடுத்து நன்றாகக் காயவைத்திருக்கிறேன்.

"அப்ப நான் காஞ்ச பல்லப் பாத்துச் செஞ்சிருக்கேன்" என்று சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இனி முதல் நிமிடத்திலேயே முடிக்க வேண்டும். எல்லா அளவுகளையும் வீட்டிலேயே வைத்து, எதுவும் நகராதபடி ஒட்டுநாடா ஒட்டினேன். லென்ஸிலிருந்து பல்வரை எவ்வளவு தூரமோ அந்த நீளத்துக்கு ஒரு நூலைக் கட்டினேன். நூல் நுனி பல்லைத் தொட்டால் தூரம் சரி. நூலை விட்டுவிட்டு அமுக்க வேண்டியதுதான். சித்தப்பா மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மறுபடி கிளினிக். அக்கா நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மாவின் கை காற்றுக்குழாய்க்குப் போனது.

"காத்தடிக்காதீங்க டாக்டர்."

அவர் திரும்பினார். அந்த அறையில் என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எச்சில் மின்னுமேம்மா."

"மின்னட்டும். காஞ்சா நிறம் மாறிடுது. படத்துல காட்டுறேன்." கேமராவில் பழைய படங்களை ஓட்டிக் காட்டினேன். அவர் இரண்டு முறை ஓட்டச் சொன்னார். பிறகு குழாயை அதன் இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டார்.

மூன்றே படம். "அவ்வளவுதானா? போன தடவ கல்யாண ஆல்பம் போட்டியே!" என்றாள் அக்கா.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது பல்லை டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். ஓரம் சரியாக உட்காரவில்லை என்று டாக்டரம்மா கழற்றி, தேய்த்து, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணாடியை நீட்டினார். அக்காவின் முகம் சுருங்கியது.

"இது மஞ்சளா இருக்கே!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. "பல்லு மஞ்சள் இல்லக்கா. வாயத் தெறந்தே வச்சிருந்ததுல உங்க பல்லு வெளுத்திருக்கு. பீங்கான் மாறாது. அரைமணி வாய மூடிட்டு உக்காருங்க."

"அரைமணி பேசாமயா? நானா?"

"தண்ணி குடிங்க, பேசாதீங்க."

டாக்டரம்மா அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு, என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறி முறைத்தாள். நான் இடத்தைவிட்டு நகரவில்லை.

அரைமணி கழித்து டாக்டரம்மா அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உதவியாளரிடம் கையை நீட்டினார்.

"சிமெண்ட் கலக்கு. ஒட்டிடலாம்."