கார் கிளம்பாத ஞாயிறுகள்

காரைப் பற்றி வாலுவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஓட்டத் தெரியுமா என்பதைத் தவிர.

சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்காக வைத்த பெயர் அது. இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கியர்பாக்ஸைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பிவிட்டு, பக்கத்தில் நிற்பவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே திரும்ப மாட்டிவிடுவாள். ஆனால் அந்தக் கல்லூரியில் இருக்கும் எதுவும் நகராது என்பதை வெளியில் யாரும் யோசிப்பதில்லை. இன்ஜின்கள் இரும்புத் தாங்கிகளில் குந்தியிருக்கின்றன. ஒரு கியர்பாக்ஸைப் பாதியாக அறுத்து, உள்ளே சிவப்பும் மஞ்சளும் பூசிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். முழுசாக இருக்கும் ஒரே காரும் முட்டுக்கட்டைகளின் மேல், சக்கரம் தரையில் படாமல் நிற்கிறது. அதில் உட்கார்ந்து வாலு டாப் கியர் வரைக்கும் போயிருக்கிறாள். இடம் மட்டும் மாறவில்லையே தவிர, பிரமாதமாகத்தான் ஓட்டினாள்.

சக்கரம் தரையைத் தொட்டால்தான் வம்பு. கிளட்ச்சை மிதித்த காலை எடுக்க மனசே வராது. பாதி எடுத்தால் உள்ளே பிளேட் உரசும், சூடேறும், தேயும் என்று கண்ணுக்குள் படம் படமாக ஓடும். உலகத்தில் மற்றவர்களெல்லாம் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத நிம்மதியில் ஓட்டுகிறார்கள். இவள் தெரிந்துகொண்டு மாட்டிக்கொண்டாள். லைசென்ஸ் சோதனையில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது குட்டைக் கம்பத்தை இடித்து, அதன் மேல் அதிகாரி வைத்திருந்த டீயையும் கொட்டிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவுடனே உண்மையைச் சொல்லியிருப்பாள். மாமா சொல்லவிட்டால்தானே! அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் "லைசென்ஸ் வாங்கிட்டா என் மருமக!" என்று தெருவுக்கே டமாரம் அடித்துவிட்டு, ஒரு இனிப்பை அவள் வாயில் திணித்துவிட்டார். வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. விழுங்கிய பிறகு சொல்லத் தைரியம் இல்லை.

கல்லூரி பக்கம் என்பதால் அவள் தங்கியிருப்பது இந்த மாமா வீட்டில்தான். மாமா பல் செட் செய்பவர். முன்னறைதான் பட்டறை. ஈறு மாதிரி செய்ய அவர் உருட்டும் ரோஸ் நிற மெழுகு வீடு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். லைட் சுவிட்சில், கதவுக் கைப்பிடியில், சில நாள் தயிர்ப் பாத்திரத்து மூடியில்கூட. கல்யாணத்துக்கு முன்னால் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர் என்பது அவர் பெருமை. கொண்டை ஊசி வளைவு, எதிரே தெரியாத பனி, பிரேக் பிடிக்காத வண்டியை ஒற்றைக் கையால் இறக்கியது என்று அளந்துகொண்டே இருப்பார். கேட்பவர்கள், பல் அளவு எடுக்க வாயில் அச்சு மாவைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள். குறுக்குக் கேள்வி வராததால் மலை வருஷாவருஷம் வளர்ந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கார் இல்லையே என்று அத்தைதான் நச்சரித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் கார், எழுந்தால் கார். கடைசியில் மாமா ஒரு பழைய காரை வாங்கினார். விற்றவரே ஓட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

"எனக்கு முழங்கால் முன்ன மாதிரி இல்ல. நம்ம இன்ஜினியரம்மா இருக்கும்போது என்ன கவலை?" என்று மாமா சாவியை வாலுவின் கையில் வைத்தபோது, அந்த இனிப்பைப் போலவே இதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

ஆனால் படித்த படிப்பு கைவிடவில்லை. முதல் ஞாயிறு, அத்தை தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பி, நல்ல உடுப்போடும் மடியில் சாப்பாட்டுத் தூக்கோடும் பின்சீட்டில் ஏறுவதற்கு முன்னாலேயே, வாலு பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்புக்கான ரிலேயைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது அந்தக் கருப்புக் கட்டி. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், ரெண்டு இருமல் இருமும், பெட்ரோல் வராமல் படுத்துவிடும்.

அத்தை தூக்கோடு இறங்கி உள்ளே போனாள். தங்கை ஊர்ப் பஸ்ஸும் போய், இனிக் கிளம்ப நேரமில்லை என்றான பிறகு வாலு ரிலேயை மாட்டி, முகத்தில் கொஞ்சம் கிரீஸும் பூசிக்கொண்டு, காரை உறும வைத்தாள்.

"படிச்ச படிப்பு வீண் போகல பாத்தியா? தொட்டதும் கிளம்பிடுச்சு!" என்று மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"தொடுறது காலையிலயே தொட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அத்தை.

அடுத்த ஞாயிறும் இதே கூத்து. அதற்கடுத்ததும். கெட்டுப்போன காரை உயிர்ப்பிக்கும் பெண் என்று தெருவில் வாலுவுக்குப் பெயர் பரவி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக்கூடப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி படுத்ததும் மாமா ஷூவைக் கழற்றுகிற வேகம் கொஞ்சம் அதிகம்தான். வாலு அப்போது அதைக் கவனிக்கவில்லை. திருட்டுத்தனம் பண்ணுகிறவர்களுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?

ஒருநாள் அத்தை தூக்கை நங்கென்று கீழே வைத்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை இது கிளம்பலைன்னா, மறுநாளே பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடுவேன். சொல்லிட்டேன்."

மறுநாள் காலை, பல் தேய்க்கும் பழைய பிரஷால் சக்கரத்து இடுக்கில் இருந்த மண்ணை மாமா தட்டிக்கொண்டிருந்ததை வாலு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரிடம் ஏதோ பேசிக்கொண்டும் இருந்தார். அவளுக்குப் பாவமாக இருந்தது. தன் பொய்க்காக ஒரு நல்ல வண்டி எடைக்குப் போவதா? வண்டியும் பிழைக்க வேண்டும், தன் மானமும் பிழைக்க வேண்டும். வகுப்பில் டிஃபரென்ஷியலைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது.

சனிக்கிழமை மாலை கல்லூரியிலிருந்து காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்தாள். "சுளுக்கு, அத்தை. கிளட்ச் மிதிக்க முடியாது."

"அதனால என்ன? மலையில லாரி ஓட்டின மனுஷன் வீட்டுலதான இருக்காரு," என்றாள் அத்தை.

அதற்காகத்தானே கட்டே! நாளைக்கு ரிலேயைத் தொடப் போவதில்லை, வண்டி கிளம்பும், மாமா ஓட்டுவார், எல்லாம் சுபம். வாலு நிம்மதியாகத் தூங்கினாள். காலையில் கட்டை எந்தக் காலில் போட்டிருந்தோம் என்பதை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

அத்தை தூக்கோடு ஏறினாள். மாமா ஸ்டீயரிங்கைத் தடவி, கண்ணாடியைத் திருத்தி, சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, ஒரு வழியாகச் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

"போச்சு. எல்லாம் போச்சு," என்று மாமா இறங்கப் பார்த்தார்.

வாலு திருதிருவென்று விழித்தாள். இது அவளுடைய பழுது இல்லை. அவள் பழுதில் இன்ஜின் சுற்றும், இருமும். இது ஹாரன்கூட அடிக்காத மௌனம். நொண்டுவதை மறந்து ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியின் ஒரு வயர் கழன்று சும்மா கிடந்தது. அதை இறுக்கும் நட்டின் மேல், ரோஸ் நிறத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஈறு மெழுகு.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். தூக்கிய பானெட் அவர்களை அத்தையிடமிருந்து மறைத்தது. வாலு நட்டைக் காட்டினாள். மாமா மெழுகைப் பார்த்தார், பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் மாமா?" என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"லாரி?"

"லாரியில நான் கிளீனர். கண்ணாடி துடைப்பேன், வளைவு வந்தா இறங்கி விசில் ஊதுவேன். ஸ்டீயரிங்கத் தொட்டதே இல்ல." மாமா கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டார். "ஓடினா நடுவுல என்னையும் ஓட்டச் சொல்வாளே! இந்த வண்டி ஒவ்வொரு வாரமும் தானாப் படுத்துக்குதே, நல்ல வண்டின்னு நெனச்சேன். நேத்து நீ காலக் கட்டிக்கிட்டு வந்துட்ட. உங்க அத்தைக்கு இத்தன வருஷம் சொன்ன பொய்யி. தெரிஞ்சா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வாலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. தன்னைப் போலவே ஒருவர் இந்த வீட்டிலேயே, இத்தனை வருஷமாக! அவரைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டினாள். வயரை மாட்டி இறுக்கினாள், மெழுகைச் சுரண்டிப் பைக்குள் போட்டாள், நேராகப் பின்சீட்டுக் கதவுக்குப் போனாள்.

"அத்தை, எல்லாம் நான்தான். எனக்கு லைசென்ஸ் இல்ல, சோதனையில ஃபெயில். வாராவாரம் நான்தான் ஒரு பார்ட்டக் கழட்டி வெச்சேன். கால்ல சுளுக்கும் இல்ல. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, அத எடைக்குப் போட்டுடாதீங்க."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இப்ப வண்டி சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்கு அத்தை."

"அப்பப் பிரச்சினையே இல்லையே. என்னங்க, ஏறி ஓட்டுங்க."

மாமா வாலுவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவர் சாய்ந்திருந்த கடைசிச் சுவரையும் இடித்துவிட்டாள். மாமா கார்க் கதவைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "லாரியில நான் கிளீனராத்தான் இருந்தேன்," என்றார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நம்ம கல்யாணத்துக்கு வந்தாரே அந்த லாரி டிரைவரு, அவரே சொன்னாரு. 'எங்க கிளீனர் தம்பி தங்கமான பையன், நல்லாப் பாத்துக்கம்மா'ன்னாரு. அன்னிலேர்ந்து தெரியும்."

"அப்ப இத்தன வருஷமா நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டுட்டுத்தான இருந்தேன். என்னிக்காவது நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்ற வழியக் காணோம். ஒரு கார் வாசல்ல வந்து நின்னா சொல்லித்தான ஆகணும்னுதான் நச்சரிச்சு வாங்க வெச்சேன். அதுக்கு நடுவுல இந்தக் குரங்கு வேற வாராவாரம் உங்களக் காப்பாத்திட்டு இருந்திருக்கு!" அத்தை தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "வாங்க, பஸ்ஸு வந்துடும்."

பஸ்ஸில் மாமா அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலையில் விசில் ஊதிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக் பிடிக்காத லாரியைவிட அந்தக் கதை நன்றாக இருந்தது. அத்தை முதல் தடவையாகக் குறுக்குக் கேள்வியெல்லாம் கேட்டாள். பின்சீட்டில் இருந்த வாலு காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டினாள். அவள் மனசு லேசாகியிருந்தது.

மறுவாரம் தான் உட்பட மூன்று பேரையும் அத்தையே டிரைவிங் பள்ளியில் சேர்த்துவிட்டாள். முதலில் வாலுவை உட்காரவைத்தார்கள். பயிற்சியாளர் வாயில் பல்குச்சியோடு பக்கத்தில் இருந்தார், பின்னால் மாமாவும் அத்தையும்.

"மெதுவாக் கிளட்ச்ச விடும்மா."

"பாதி விட்டா பிளேட் தேயும் சார். அது என்ன ஆகும்னா, உள்ள அந்த..."

"தேயட்டும்மா. தேயுறதுக்குத்தான வெச்சிருக்கான்," என்றார் அவர்.

இதைக் கல்லூரியில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வாலு காலை மெல்ல எடுத்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து மாமா, வளைவே இல்லாத அந்தத் தெருவில், விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.