றஊப் பாஸ் பார்த்து எடுத்த பைக்

கிண்ணியாவில் ஒரு படகு எஞ்சின் முனகினால், அதற்கு என்ன வருத்தம் என்று மெக்கானிக் றஊப் பாஸிடம்தான் கேட்பார்கள். அவர் ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு பிஸ்டனோ வால்வோ, எது சரியில்லையோ அதைச் சொல்வார். சொன்னது தவறிப்போனதாக யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. தன்னைப் பற்றிய நல்ல வார்த்தை எத்தனை தூரத்தில் விழுந்தாலும் பிடித்துவிடும் காது அது. மற்றதெல்லாம் அதற்குக் கொஞ்சம் மந்தம்தான்.

அப்படிப்பட்டவர், மகள் அம்ராவின் கல்யாணத்துக்கு மருமகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுப்பதென்று முடிவெடுத்தால், கூட யாரையாவது அழைத்துப் போவாரா? தனியாகவே கந்தளாய்க்குப் பஸ் ஏறினார். அங்கே பழைய பைக் வாங்கி விற்கும் ஒரு சேலில், கறுப்புப் பைக் ஒன்று புதுப்பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. சேல்காரர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். றஊப் ஸ்குரூ டிரைவரை ஊன்றினார், காதைக் கொடுத்தார், கண்ணை மூடினார். எஞ்சின் பாடியது.

"ஒருக்கா ஏறி ஓடிப் பாருங்களன் பாஸ்," என்றார் சேல்காரர்.

"ஓடி என்னத்துக்கு? எனக்குக் கேட்டாப் போதும்."

சேல்காரர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கென்ன பைத்தியமா?

ஊருக்கும் றஊப் அதை ஓட்டிக்கொண்டு வரவில்லை. மருமகனின் பைக்கில் தூசி படக்கூடாதென்று ஒரு சின்ன லொறியில் ஏற்றி, ஹேண்டிலில் ரிப்பன் கட்டி, தெருவே பார்க்க வாசலில் இறக்கினார். "பழசுதான். ஆனா நான் காதால பாத்து எடுத்தது," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் அதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

மருமகன் இன்பாஸ் மூதூர்ப் பொடியன். திருகோணமலை டவுனில், ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை. இந்தப் பக்கத்து வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டோடு வந்து தங்கினான். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் கதைப்பதில்லை. றஊப் கேட்க வேண்டியதை அம்ராவிடம் கேட்பார். அவன் சொல்ல வேண்டியதை அவள் வந்து சொல்வாள். மரியாதைக்கு மரியாதை, வசதிக்கு வசதி.

முதல் கிழமை இன்பாஸ் அம்ராவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தான். அதற்குப் பிறகு அவளை ஏற்றவேயில்லை. கேட்டால் வெயில் என்று பதில் வரும், இல்லாவிட்டால் காற்று என்று வரும். காலையில் தனியாக, ஊர்ந்து ஊர்ந்து தெருவைக் கடந்து போவான். றஊபுக்கு அது உறுத்தியது.

"இவர் பைக் ஓடுறாரா, ஜனாஸா அடக்கக் கொண்டுபோறாரா?" என்றார் மனைவி உம்மு குல்சுமிடம்.

"வாயை மூடுங்க. மருமகன்ட காதில விழப்போகுது."

ஒருநாள் சந்திப் பக்கம் போனவர், இன்பாஸின் கூட்டாளி நஸ்ரியின் வளவைத் தற்செயலாகப் பார்த்தார். முருங்கை மரத்தடியில் அந்தக் கறுப்புப் பைக் நின்றது. நஸ்ரி மென்று விழுங்கி ஒருவாறு சொன்னான்: தினமும் அது இங்கேதான் நிற்கிறது, இன்பாஸ் டவுனுக்குப் போவதும் வருவதும் பஸ்ஸில், பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

றஊபுக்கு ரத்தம் கொதித்தது. அலுவலகத்துக்கு முன்னால் பழைய பைக்கை நிறுத்த ஐயாவுக்குக் கௌரவக் குறைச்சல்! வேறென்ன இருக்கப்போகிறது? பின்னேரம் தேத்தண்ணிக் கடை வாசலில் காத்து நின்றார். பஸ்ஸால் இறங்கிய மருமகனிடம், அதுவரை முகம் பார்த்து நாலு வார்த்தை பேசாதவர், கடை முழுவதும் கேட்கக் கத்தினார்.

"என்ன மருமகன், நான் தந்த பைக்கில போனா மதிப்புக் குறைஞ்சிடுமோ? என்ட மகளப் பின்னால ஏத்தவும் வெக்கமோ? புதுசு வேணுமெண்டா உங்கட வாப்பாவ வாங்கித் தரச் சொல்லுங்க!"

இன்பாஸின் வாப்பா அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அது றஊபுக்கும் தெரியும், கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "அப்பிடி இல்ல மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்பாஸ் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

மறுநாள் காலை அவன் பைக்கைத் தொடவில்லை. பைக்கின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு நடந்தே சந்திக்குப் போனான். றஊப் திறப்பை எடுத்தார். தானே அதை டவுனுக்கு ஓட்டிப்போய் வந்து, அந்தப் பைக்கில் ஒரு குறையும் இல்லை என்று ஊருக்குக் காட்டிவிடுவதென்று கிளம்பினார்.

தெருவில் ஒரு பிரச்சினையும் இல்லை. பாலத்தில் ஏறியதும் கொஞ்சம் முறுக்கினார். அவ்வளவுதான். ஹேண்டில் காய்ச்சல்காரன் மாதிரி உதறத் தொடங்கியது. முன்சில்லு ஒரு பக்கம் இழுத்தது, அவர் உடம்பு மறுபக்கம் போனது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்து உரசிக்கொண்டு போனது. எப்படியோ கம்பியோரம் நிறுத்தி இறங்கினார். கீழே கடல் தண்ணீர். எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பாடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிசகும் இல்லை.

உருட்டிக்கொண்டு திரும்பினார். "பெற்றோல் முடிஞ்சிட்டா, றஊப் காக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம்" என்றார்.

வீட்டுப் பின்வளவில் சீட்டைக் கழற்றினார், பெற்றோல் டாங்கைக் கழற்றினார். ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துக்குப் பின்னால், தடித்த கறுப்புப் பெயின்டுக்கு அடியில், பைக்கின் எலும்பே ஒருமுறை முறிந்து வெல்டிங்கில் ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒட்டும் இப்போது வாய் பிளந்திருந்தது, நகத்தை நுழைக்கலாம். அதைவிட இன்னொன்று அவரை நிறுத்தியது. டாங்கின் நட்டுகளில் ஸ்பேனர் போட்ட தடம் புதிதாக இருந்தது. அவருக்கு முன்னமே யாரோ இதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தார். குசினி வாசலில் அம்ரா நின்றாள்.

"அவருக்குத் தெரியும் வாப்பா."

"எப்ப இருந்து?"

"முதல் கிழமையே. பாலத்தில ரெண்டு பேரும் விழப் பாத்தம். அடுத்த நாள் டவுன்ல ஒரு கராஜ்ல கழட்டிப் பாத்திருக்கார். எங்கயோ அடிபட்டு முறிஞ்சத ஒட்டி வித்திருக்கு, இதில ஆளை ஏத்த ஏலாது எண்டு சொன்னாங்களாம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே புள்ள?"

"சொல்ல விடல்ல. மாமா ஊரெல்லாம் சொல்லிட்டார், இது வெளிய வந்தா அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் எண்டார். நீங்க பாத்துச் சந்தோசப்படத்தான் நஸ்ரி வீடு வரைக்கும் அதில போனவர்."

சேல்காரரை நாலு வார்த்தை திட்டலாமென்று பார்த்தார் றஊப். ஆனால் ஓடிப் பாருங்கள் என்று சொன்னவர் அவர்தானே. 'உங்கட வாப்பாவ' என்று தான் சொன்னது நினைவில் வந்தபோது, தன் வாயைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல், கழற்றிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் வெகுநேரம் குந்தியிருந்தார். வெட்கம் வெயிலைவிடச் சுட்டது.

நாலு பேர் கேட்கச் சொன்னதை நாலு பேர் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அதே கடைக்குப் போனார். நேற்றிருந்த முகங்கள்தான் இன்றும். மீன் வியாபாரி றுவைஸ் வாங்குப் பலகையில் இடம் விட்டான். றஊப் உட்காரவில்லை. பஸ் வந்தது. இன்பாஸ் இறங்கினான்.

"மருமகன், அந்த பைக்..." என்று தொடங்கினார்.

இன்பாஸ் அவர் நக இடுக்கில் கழுவியும் போகாத கிறீஸைப் பார்த்தான். மாமா பைக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டார் என்று புரிந்துகொண்டான். அவர் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் முந்திக்கொண்டான்.

"மன்னிச்சிக்கங்க மாமா. நான்தான் அதைப் பாலத்தில கொண்டுபோய் அடிச்சிட்டன். சொல்லப் பயந்து ஒளிச்சி வெச்சன்."

கடை கலகலத்தது. "அதானே! காக்கா காதால பாத்து எடுத்த சாமான் பழுதாகுமா?" என்றான் றுவைஸ். "இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு ஒரு பொருள்ட அருமை எங்க தெரியுது?" என்றது இன்னொரு குரல். இன்பாஸ் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு நின்றான்.

இல்லை என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். றஊப் சொல்லவில்லை. யாரோ நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. பேர் தப்பியது. அந்த நிம்மதி எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை உணர்ந்தபோது, தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"காக்கா," என்றான் றுவைஸ், "எங்கட மகள் றம்ஸியாட மாப்பிள்ளைக்கும் ஒரு பைக் எடுக்க வேணும். அந்த சேலுக்கே போவம். நீங்க காதால பாத்துத் தந்தாப் போதும். வேற ஒருத்தனும் வேணாம்."

றம்ஸியாவை றஊபுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அம்ராவோடு குர்ஆன் ஓதப் போன பிள்ளை. நாளைக்கு அவளும் ஒரு பைக்கின் பின்னால் ஏறிப் பாலத்தால் போவாள். கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு பைக் பாக்கத் தெரியா றுவைஸ்."

றுவைஸ் சிரித்தான். றஊப் சிரிக்கவில்லை.

"அது முறிஞ்சி ஒட்டின பைக். நான் எஞ்சின மட்டும் கேட்டன், ஓடிக்கூடப் பாக்கல்ல. மருமகன் எங்கயும் அடிக்கல்ல. என்ட மானம் போகக்கூடாதெண்டு பொய் சொல்றார். இப்ப நான் அதையும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சன். நேத்து இவர்ட மௌத்தான வாப்பாவயும் இழுத்தன்."

இன்பாஸின் முகம்தான் முதலில் வாடியது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை மாமா நடுச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டாரே என்ற தவிப்பு அதில் தெரிந்தது. அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏன் மாமா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சிட்டனே."

"என்ட மானத்த நீங்க காப்பாத்தினீங்க," என்றார் றஊப். "உங்கடய ஆர் காப்பாத்துறது மகன்?"