ஒற்றைத் தண்டு

தை பிறந்தும் பனி தணியவில்லை. மலைமுகடுகள் வெண்துகில் முக்காடிட்டு, துக்க வீட்டுப் பெண்டிரைப்போல் வாய்திறவாது அமர்ந்திருந்தன. சவுக்கு இலைகளிலிருந்து இற்று வீழும் நீர்த்துளி ஒன்றே பொழுதை அளந்துகொண்டிருந்தது. டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்து மயானத்தின் ஈரப்புல்லில் மண்டியிட்டு, றோசலின் தேயிலைச் செடிகளின் அடியைக் கையால் துழாவினாள்.

அவளுடைய தந்தை இக்னேசியஸ் முந்தைய நாள் மாலை கண்மூடினார். தொழிலாளர் லயத்து வீட்டில் பெட்டி காத்திருந்தது. மூன்று மணிக்கு அடக்கம். அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றே: "என்னைய அவ பக்கத்துல வச்சிரும்மா."

தாய் மண்ணுள் அடங்கி இருபத்தாறு ஆண்டுகள். மேல்வரிசையில் துரைமாருக்குக் கல்லறைகள் உண்டு. மயானத்தின் நூற்றைம்பதாம் ஆண்டை நினைவுகூர்ந்து கார்த்திகையில் நாட்டிய கருங்கல்லும் அங்கேதான். கீழ்ச்சரிவில் உறங்குவோருக்குக் கல் இல்லை, அங்கே பழந்தேயிலைதான். ஆகவே இக்னேசியஸ் மனைவியின் தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்றை நட்டார். கொழுந்தெடுக்கும் கையையும் கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியையும் அதனை அண்டவிடவில்லை. ஆளுயரம் கடந்து மரமாகி, வெண்பூச் சொரிந்து நின்ற அதுவே அடையாளம்.

இன்று அந்த மரம் இல்லை. சரிவெங்கும் செடிகள் இடுப்பளவில் ஒரே மட்டமாய்த் தளிர்த்திருந்தன.

குழி தோண்ட வந்த மூக்கன் மண்வெட்டியில் சாய்ந்தார். "ஊருக்கே மொட்டை போட்ட மாதிரில்ல இருக்கு! எந்த மகராசன் வேல இது? எங்கன தோண்டுறது தாயி?"

றோசலினின் தம்பி டினேஷ் தலைகுனிந்தான். தாய் இறந்தபோது அவன் கைக்குழந்தை.

"நாந்தான்க்கா. கல்லு தொறக்க பெரியவங்க வர்றாங்க, துப்பரவா இருக்கணும்னாங்க. ஆள வச்சு எல்லாத்தையும் கவ்வாத்து பண்ணிட்டேன், அதுல அம்மா மரமும் போயிருச்சு. அப்ப நீயும் அப்பாவும் ஆஸ்பத்திரியில."

"அப்பாட்ட சொன்னியா?"

"வாய் வரலக்கா. 'மரம் பூத்திருக்கா'ன்னு கேட்டாரு. பூத்திருக்குன்னேன்."

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

முப்பதாண்டு கொழுந்தெடுத்த கைகள் அவை. ஆண்டாண்டாய் வெட்டுண்ட செடி அடியிலேயே பல கவராய்ப் பிரிந்து முண்டும் முடிச்சுமாய்க் கிடக்கும். வெட்டே அறியாது வளர்ந்தது ஒற்றைத் தண்டாய் எழும். ஏழாவது செடியின் அடியில் விரல்கள் நின்றன. பிரிவறியாத ஒரே தண்டு, கைக்கு அடங்காத பருமன்.

"மாமா, இதுக்குப் பக்கத்துல தோண்டுங்க."

மூன்று மணிக்கு உபதேசியார் செபம் சொல்ல, இக்னேசியஸ் தம் மனைவியின் அருகே இறங்கினார். ஆளுக்கொரு பிடி மண் இட்டு, சனம் மெல்லப் படியிறங்கிற்று. டினேஷ் மட்டும் கருங்கல்லருகே தள்ளி நின்றான்.

வெட்டுண்ட தண்டின் தலையில் புதுக் கொழுந்துகள் துளிர்த்திருந்தன. றோசலினின் விரல்கள் பழக்கத்தால் அவற்றைக் கிள்ளப் போயின, தொட்டு, மீண்டன. தந்தையின் செபமாலையைத் தண்டில் இருமுறை சுற்றி, நெற்றியை அதன்மேல் சற்றே சாய்த்து எழுந்தாள்.

"இங்க வாடா."

வந்தான். மண் அப்பிய பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"ஆண்டவரு ஒன்னையக் காக்கட்டும் தம்பி. இனி இந்த மரம் வருசா வருசம் பூக்கட்டும்."